பிறந்த ஊருக்குப் போகத் தடுப்பூசியா?

இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

வயது 57. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி லெஸ்டர் போய் 30 வருஷம் ஆகிறது. கடைசியாக ஊருக்கு வந்தது 11 வருஷத்துக்கு முன்னால், அப்பா காரியத்துக்கு. இப்போது அம்மாவுக்கு 82 வயது, இடுப்பில் ஆபரேஷன் ஆகி மெல்ல நடமாட ஆரம்பித்திருக்கிறார். டிசம்பர் கடைசியில் கிளம்பி, பொங்கலை அண்ணன் வீட்டில் வைத்து, தைப்பூசம் முடித்துத் திரும்பலாம் என்று திட்டம். லெஸ்டரிலேயே பிறந்து வளர்ந்த மகளும், 14 மாதப் பேத்தியும் கூட வருகிறார்கள். வாசகிக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி 18 யூனிட் கிளார்ஜின் இன்சுலின், அதோடு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், பிரஷருக்கு ராமிப்ரில். கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 64. கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: “பாதம் சில சமயம் மரத்த மாதிரி இருக்கும், அது வயசு.”

கிளினிக் நர்ஸ் பயணத் தடுப்பூசிக்கு வரச் சொன்னது அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. “நான் தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவ டாக்டர். தடுப்பூசியெல்லாம் டூரிஸ்டுக்குத்தானே?” என்று கேட்கிறார். அண்ணன் வீட்டில் பாட்டில் தண்ணீரை எடுத்து வைத்தால் மதினி என்ன நினைப்பார் என்ற கவலை வேறு. இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா, அல்லது ஊரிலேயே மலிவாக வாங்கிக்கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. கடைசியாக, அம்மா எழுந்து நடந்தால் திருச்செந்தூருக்குச் செருப்பில்லாமல் நடந்தே வருவதாக முருகனுக்கு நேர்ந்திருக்கிறார். அதற்குக் காலில் தடவ ஏதாவது களிம்பு சொல்லுங்கள் என்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பெரிதாக எழுதிய கேள்விகளைவிட, அந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. மரத்துப்போகும் பாதம் வயசால் வந்தது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் தடுப்பூசி.

ஊர்த் தண்ணீர் பழகிய உடம்பு

‘டூரிஸ்டுக்குத்தானே’ என்கிறீர்கள். உண்மையில் நிலவரம் தலைகீழ். இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்படும் டைபாய்டில் பெரும்பகுதி இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் என்று சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய் வந்தவர்களுக்கு வந்தது. காரணம் எளிது. டூரிஸ்ட் ஒரு வாரம் ஹோட்டலில் இருப்பார், பயந்து பயந்து சாப்பிடுவார். உங்களைப் போன்றவர்கள் மாசக்கணக்கில் வீட்டில் தங்கி, வீட்டுத் தண்ணீரைக் குடித்து, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாப் பந்தியிலும் உட்காருவீர்கள்.

சிறுவயதில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி பற்றி நீங்கள் நினைப்பது ஒரு நோய்க்குச் சரி. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உங்கள் தலைமுறையில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, வந்ததே தெரியாமல் போயிருக்கும். ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் பாதுகாப்பு. ரத்தப் பரிசோதனையில் இதைப் பார்த்துவிடலாம். இருந்தால் அந்த ஊசி உங்களுக்கு வேண்டாம். ஆனால் லெஸ்டரில் பிறந்த உங்கள் மகளுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. இந்தக் காமாலை குழந்தைகளைவிடப் பெரியவர்களைத்தான் படுத்தி எடுக்கும்.

டைபாய்டு அப்படியில்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். சிறுவயதில் அடிக்கடி கிருமியைச் சந்தித்ததால் இருந்த தாங்கும் சக்தி, 30 வருஷம் லெஸ்டரில் இருந்த பிறகு அப்படியே மிச்சமிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊசியும் முழுப் பாதுகாப்பு இல்லை. சுமார் மூன்று வருஷத்துக்கு ஓரளவு காக்கும். போட்டு இரண்டு வாரமாவது ஆக வேண்டும், அதனால் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். இந்த இரண்டு ஊசிகளும் உங்கள் நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் இலவசம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றதும் மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடும் பழைய வழக்கம் இப்போது உதவாது. நம் நாட்டு டைபாய்டு கிருமி பெரும்பாலும் அந்த மருந்துக்கு அடங்குவதில்லை.

டெங்குவில் கணக்கு அப்படியே மாறுகிறது. அதில் நான்கு வகை உண்டு. ஒரு வகை எப்போதோ வந்து போயிருந்தால், வேறொரு வகை இரண்டாவதாக வரும்போதுதான் ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் கூடும். அதாவது, பழைய அனுபவம் இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்யலாம். நீங்கள் வருவது வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயம், கொசு இருக்கும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். ராத்திரி கொசுவலை கட்டிவிட்டுப் பகலில் திண்ணையில் கால் நீட்டிப் படுத்தால் பிரயோஜனமில்லை. மலேரியாவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு மட்டும் வருபவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. வழியில் வேறு மாநிலங்களுக்கும் போவதாக இருந்தால் கிளினிக்கில் சொல்லிக் கேளுங்கள்.

மதினி வருத்தப்படாமல் இருக்க

சிரிக்காதீர்கள், இதனால் படுத்தவர்களை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன். முகம் கோணக் கூடாது என்று கொடுத்ததையெல்லாம் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் என் கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடப்பார்கள்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெந்நீர் கேளுங்கள். நம் வீடுகளில் வெந்நீர் கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றால் சுக்குப் போட்டே கொடுப்பார்கள். தண்ணீர் ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே போதும். வேறு வீடுகளுக்குப் போகும்போது, “சர்க்கரை இருக்கு, சீனி இல்லாம காபி குடுங்க” என்று முந்திக்கொள்ளுங்கள். சூடாக வரும் எதுவும் நல்லது. ஆவி பறக்கும் இட்லிக்கு இணையான பாதுகாப்பான சாப்பாடு உலகத்தில் குறைவு. பயப்பட வேண்டியவை நீர்மோர், பானகம், ஐஸ் போட்ட சர்பத், நேரமாகிப்போன தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம். இவற்றில் கொதிக்காத தண்ணீர் எப்படியாவது நுழைந்துவிடும்.

அல்வாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு சின்னத் துண்டு, ஒரு நாள், சாப்பாட்டோடு. அவ்வளவுதான்.

இன்சுலின்

பெட்டியில் போடவே போடாதீர்கள். விமானத்தின் அடியில் சாமான் வைக்கும் இடத்தில் இன்சுலின் உறைந்துபோகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. பெட்டி தொலைந்தால் அது தனிக் கதை. தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்கு எடுத்து, கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு கொண்டுவாருங்கள். மருந்துகளின் மூலப் பெயர் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். இங்கே பிராண்டுகள் வேறு.

ஊரில் வாங்கலாம் என்ற யோசனையில் ஒரு பொறி இருக்கிறது. இங்கிலாந்தில் நீங்கள் பார்க்கும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இந்தியாவில் குப்பியில் விற்கும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குத் தனி சிரிஞ்ச், மூடி சிவப்பு. இந்த 40 சிரிஞ்சில் 100 இன்சுலினை ‘18’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 45 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி ஆபத்தாகிவிடும். மாற்றி, 40 இன்சுலினை 100 சிரிஞ்சில் போட்டால் ஏழு யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். இன்சுலின் போடும் பேனா உடைந்து, வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், கிளார்ஜின் பேனா அல்லது பேனாவில் போடும் காட்ரிட்ஜாகவே கேளுங்கள். மருந்துச் சீட்டில் வலிமையை எழுதச் சொல்லுங்கள்.

எண்களிலும் ஒரு குழப்பம் வரும், இரண்டு நாட்டிலும் சர்க்கரையை அளக்கும் அலகு வேறு. உங்கள் மீட்டர் 9 என்று காட்டினால் அம்பாசமுத்திரம் டாக்டருக்கு அது 162. 18-ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். உங்கள் ஹெச்பிஏ1சி 64 நம் ஊர்க் கணக்கில் 8 சதவீதம். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பயணத்தைத் தள்ளிப்போடும் அளவுக்கு இல்லை.

குளிர்காலத்தில் இந்தியா உங்களைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். வந்த அன்றே இந்திய நேரப்படி ராத்திரி பத்துக்குப் போட்டால், முந்தின ஊசிக்கும் இதற்கும் இடைவெளி 24 மணிக்குப் பதில் பதினெட்டரை மணிதான். தினமும் ஓரிரு மணி நேரமாக நகர்த்துவதா, முதல் நாள் அளவைக் குறைப்பதா என்று உங்கள் நீரிழிவு நர்ஸிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திறக்காத பேனாவை ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃபிரீசர் பக்கத்தில் வேண்டாம். திறந்தது 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். கரண்ட் நிலையில்லை என்றால் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வையுங்கள். நம் கிராமத்து நோயாளிகள் காலங்காலமாகச் செய்வதுதான்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின், ராமிப்ரில் மூன்றையும் நிறுத்தி வையுங்கள். சரியாகிச் சாப்பிட ஆரம்பித்து ஓரிரு நாளில் மறுபடி தொடங்கலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது, அடிக்கடி சர்க்கரை பார்த்து அளவை டாக்டரோடு முடிவு செய்யுங்கள். முக்கியமாக டாபாகிளிஃப்ளோசின். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அதைத் தொடர்ந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

திருச்செந்தூர் நடை

முருகனுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் வரப்போவதில்லை. களிம்பும் எழுதித் தரப்போவதில்லை.

12 வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போகிறது என்றால், நரம்பு பாதித்திருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வருஷா வருஷம் அங்கே உங்களுக்குச் செய்யும் கால் பரிசோதனையில் நைலான் இழையால் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதன் முடிவு என்ன என்று கிளம்பும் முன் கேளுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு நடுப்பகல் தார் ரோடும் தெரியாது, முள்ளும் தெரியாது, கொப்புளம் உடைந்ததும் தெரியாது. கோயில் பிரகாரத்துக் கல்லில் மத்தியானம் ஒரு சுற்று சுற்றி, சாயங்காலம் பாதத் தோல் உரிந்து வரும் சர்க்கரை நோயாளிகள் இங்கே புதிதல்ல. நடந்து முடித்தவுடன் கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளிப்பது வழக்கம். காலில் திறந்த புண்ணோடு அந்தக் கூட்டத்தில், அந்தத் தண்ணீரில் இறங்குவது கிருமியை அழைத்து உள்ளே விடுவதுதான். இப்படித் தொடங்கிய புண், விரலை எடுப்பதில் முடிந்த நோயாளிகளை எனக்குத் தெரியும்.

அதனால் அம்பாசமுத்திரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வெறுங்காலில் முழுத் தூரம் என்பதை மருத்துவராக நான் ஒப்புக்கொள்ள முடியாது. மற்றபடி வழிகள் இருக்கின்றன. பழகிய, இறுக்கிப் பிடிக்காத ஷூவும் பருத்திச் சாக்ஸும் போட்டு நடக்கலாம். புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினால் அது வெறுங்காலைவிட மோசம். உங்கள் அண்ணன் பிள்ளைகள் நடக்க, நீங்கள் வேனில் கூடவே போய், விடியற்காலையில் ஊர் எல்லையிலிருந்து கோயில் வரை மட்டும் நடக்கலாம். உடம்பு முடியாதவர்களுக்காக வீட்டில் இன்னொருவர் நடந்து கொடுப்பதும் நம் ஊரில் உள்ளதுதான், மதினியிடம் கேட்டால் நாலு பேரைச் சொல்வார். இதில் நேர்ச்சைக்கு எது பொருந்தும் என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால் இரண்டாவது.

எதைத் தேர்ந்தாலும், நடக்கும் நாளில் விரதம் வேண்டாம். நீண்ட நடை சர்க்கரையை அப்போது மட்டுமல்ல, அன்று ராத்திரியும் இறக்கும். அன்றைய இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மடியில் குளுக்கோஸ் இருக்கட்டும். மீட்டர் 4-க்குக் கீழே போனால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. கோயில்களுக்கு வெயில் ஏறும் முன்போ பொழுது சாய்ந்தோ போங்கள். சாக்ஸோடு உள்ளே விடுவார்களா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பேத்தி

14 மாதக் குழந்தைக்கு முதலில் தட்டம்மை ஊசி. ஒரு வயதில் போடும் முதல் ஊசி போட்டாயிற்றா என்று சிவப்புப் புத்தகத்தில், அதாவது அங்கே குழந்தைக்குத் தரும் உடல்நலப் பதிவேட்டில், பாருங்கள். பயணம் என்று சொன்னால் இரண்டாவதை முன்கூட்டியே போடுவார்கள். காசநோய்க்கான பிசிஜியும் பாருங்கள். பாட்டி, தாத்தா பிறந்த நாட்டை வைத்தும் அங்கே குழந்தைகளுக்கு அதைத் தருகிறார்கள், விட்டுப்போயிருந்தால் கேட்கலாம். ஹெபடைடிஸ் ஏ ஊசி ஒரு வயதிலிருந்து போடலாம். டைபாய்டு ஊசி இந்த வயதில் உண்டா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

பாபநாசத்தில் குழந்தையை முங்க வைக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் தெளிந்து, குறைவாக ஓடினால் கையில் அள்ளித் தலையில் தெளியுங்கள், போதும். மழைக்குப் பின் கலங்கி ஓடும்போது கரையிலேயே இருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்று அண்ணன் சொல்லியிருப்பார். வெள்ளம் வடிந்த தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும்; காலில் சின்னக் கீறல் போதும் அது நுழைய. இது குழந்தையைவிட உங்களுக்குச் சொன்னது.

தெருநாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, ஆறாத புண்ணில் நக்கினாலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. ஊசி அங்கே இலவசம். குரங்குக்கும் இதே விதி; பாபநாசத்தில் குழந்தை கையில் பழம் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால்

ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை புரூஃபன், ஆஸ்பிரின் வகைகள் வேண்டாம். இரண்டு நாளில் விடாவிட்டால் ரத்தம் பாருங்கள். அவசரம் என்றால் 108; பெரிய விஷயமென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பயணக் காப்பீட்டில் சர்க்கரையை மறைக்காமல் எழுதியிருந்தால்தான் தனியார் ஆஸ்பத்திரிச் செலவு திரும்பக் கிடைக்கும்.

பலரும் கோட்டை விடுவது லெஸ்டர் திரும்பிய பிறகுதான். காய்ச்சல் வந்தால் ஃப்ளூ என்று அங்கே படுத்துவிடுவார்கள். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தும் வெளிப்படலாம். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸும் அப்படித்தான். வயல், புதர் பக்கம் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது. தென் தமிழ்நாட்டில் மழை முடிந்த குளிர் மாதங்களில் அதிகம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தெரியாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். இங்கிலாந்து டாக்டருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. ஆகவே திரும்பியபின் எப்போது காய்ச்சல் வந்தாலும், முதல் வாக்கியமாகவே இந்தியாவில் ஒரு கிராமத்தில் இருந்துவிட்டு இன்ன தேதி வந்தேன் என்று சொல்லுங்கள். தோலில் அந்தப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்கும் பேத்திக்கும் இது சேர்த்துத்தான்.